பணிப்பாய்வுகள் வந்துவிட்டன, திறப்பு வரவில்லை: என்8என் கட்டளை வரியில் உதவி தேவை

நெல்மூடை (சம்மாந்துறை)

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். மாமாவின் நெல் ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான். கணினியைப் பாடமாகப் படித்ததில்லை, தேவை வந்தபோது தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். அன்றாட வேலைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தானாக ஓடவைக்கும் மென்பொருளான என்8என்னை ஒன்றரை வருடமாகப் பாவிக்கிறேன். அப்படி 11 வேலைச் சங்கிலிகள், அதாவது பணிப்பாய்வுகள், ஓடுகின்றன. இல்லை, ஓடின. காலை 6 மணிக்கு அன்றைய கொள்வனவு விலை விவசாயிகளின் டெலிகிராம் குழுவுக்குப் போகும். தராசடியில் பையன் தட்டிவிடும் நிறை கூகுள் ஷீட்டில் ஏறும். ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டிய நெல் தனித்தாளில் விழும். மற்றவை சில்லறை வேலைகள்.

கார்த்திகை மழைக்கு அலுவலக அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. மேசைக்குக் கீழே இருந்த கணினி நன்றாகக் குளித்துவிட்டது. நல்லகாலம், அதற்கு இரண்டு வாரம் முன்புதான் கட்டளை தட்டும் கறுப்புத் திரையான டெர்மினலைத் திறந்து "எக்ஸ்போர்ட்:வொர்க்ஃப்ளோ --ஆல்", "எக்ஸ்போர்ட்:கிரெடென்ஷியல்ஸ் --ஆல்" என்ற இரண்டு கட்டளைகளையும் கொடுத்து, கிடைத்த கோப்புகளைப் பென் டிரைவில் போட்டு வைத்திருந்தேன். (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன், யாரும் அப்படியே தட்டிவிட வேண்டாம்.)

புதிய கணினியில் உபுண்டு போட்டு, மென்பொருளைக் கொன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் டொக்கர் மூலம் என்8என் நிறுவி, "இம்போர்ட்" கட்டளை கொடுத்தேன். 11 பணிப்பாய்வுகளும் வந்து நின்றன. மாமாவுக்குத் தொலைபேசியில் நல்ல செய்தியும் சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். டெலிகிராம், கூகுள் கணக்குகளுக்குள் நுழையும் அனுமதி விபரங்களான கிரெடென்ஷியல்களில் எதைத் திறந்தாலும் "மறைகுறியை நீக்க முடியவில்லை, வேறொரு திறப்பால் (சாவியால்) பூட்டப்பட்டிருக்கலாம்" என்ற பொருளில் பிழை வருகிறது. போதாததற்கு எல்லாப் பணிப்பாய்வுகளும் அணைந்த நிலையில் கிடக்கின்றன. தை கடைசியில் வெட்டுத் தொடங்கிவிடும். என்னைப் போன்றவனுக்கு இந்தக் கறுப்புத் திரை சரிவருமா, அல்லது உலாவியோடு நின்றுகொள்வதுதான் நல்லதா?


உப்புக்காற்று (கல்லடி)

தம்பி, கோப்பு கெடவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

என்8என் முதன்முறை எழும்பும்போது தானாகவே ஒரு மறைகுறித் திறப்பை உருவாக்கி, பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் ".என்8என்" என்ற கோப்புறையில் "கொன்ஃபிக்" என்ற சிறிய கோப்பில் எழுதிவைக்கும். நீங்கள் கொடுக்கும் டெலிகிராம் டோக்கன் (அனுமதிச் சொல்), கூகுள் அனுமதி எல்லாம் அந்தத் திறப்பால் பூட்டப்பட்டே தரவுத்தளத்துக்குள் போகின்றன. எக்ஸ்போர்ட் கட்டளை பூட்டிய நிலையிலேயே அவற்றை வெளியே எடுத்துத் தருகிறது. திறப்பை அது எடுத்து வருவதில்லை. புதிய கணினி தனக்கென்று வேறொரு திறப்பை உருவாக்கிக்கொண்டது. வீடு மாறும்போது அலுமாரியைத் தூக்கி வந்துவிட்டு, திறப்பைப் பழைய வீட்டு ஆணியில் தொங்கவிட்டு வந்திருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

பணிப்பாய்வுகள் அணைந்து கிடப்பது பிழை அல்ல. இம்போர்ட் செய்யும்போது வேண்டுமென்றேதான் அணைத்து வைக்கிறது. பழைய கணினியும் புதியதும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் எங்கே?


சும்மா_கேட்கிறேன் (மட்டக்களப்பு நகர்)

நான் வழக்கம்போல எதிர்க்கட்சி. 11 பணிப்பாய்வுகளுக்கு எத்தனை கிரெடென்ஷியல் இருக்கப் போகிறது? நான்கு, மிஞ்சினால் ஐந்து. தானியங்கிக் கணக்குகளை உருவாக்கித் தரும் டெலிகிராமின் பொட்ஃபாதரிடம் கேட்டால் டோக்கனை மறுபடியும் தரும். கூகுளில் ஒருமுறை உள்நுழைந்து அனுமதி கொடுத்தால் முடிந்தது. ஒரு மணி நேர வேலைக்கு ஹார்ட் டிஸ்க் கழற்றுவதா? மண்வெட்டி போதுமான வரம்புக்கு டிரக்டரை இறக்காதீர்கள். என்8என் என்ற மென்பொருளே கோடு எழுதத் தெரியாதவர்கள் பெட்டிகளைக் கோட்டால் இணைத்து வேலை முடிக்கட்டும் என்றுதானே வந்தது? பிறகு ஏன் கறுப்புத் திரை?


படுவான்கரைக்காரன் (கொக்கட்டிச்சோலை)

சும்மா கேட்கிறவருக்குச் சும்மா இல்லாமல் பதில் சொல்கிறேன்.

புதிய கிரெடென்ஷியல் செய்தால் அதற்குப் புதிய அடையாள இலக்கம் வரும். பணிப்பாய்வுக்குள் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் பழைய இலக்கத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். 11 பணிப்பாய்வுகளையும் திறந்து, ஒவ்வொரு டெலிகிராம் பெட்டியிலும், ஒவ்வொரு ஷீட் பெட்டியிலும் கைவைத்து மாற்ற வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் அது அறுவடை நடுவில்தான் தெரியவரும்.

இனிக் கறுப்புத் திரை. எங்கள் பக்கத்துக்கு வந்து பாருங்கள். 2014 இல் மண்முனைப் பாலம் வரும்வரை வாவியைப் பாதையில் (மிதவையில்) கடந்தோம். பாலம் வந்துவிட்டது, சிக்னல் இன்னும் பாதையில்தான் வந்துகொண்டிருக்கிறது. வயல் வட்டைக்குள் நிற்கும்போது தொலைபேசியில் இரண்டு கோடு தெரிந்தால் பெரிய விடயம். அந்த இரண்டு கோட்டில் என்8என் படத்திரையைத் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். தூரத்துக் கணினிக்குள் எழுத்து மூலம் நுழையும் எஸ்எஸ்எச் வழியாக டெர்மினலுக்குப் போனால் வந்து போவது சில எழுத்துகள் மட்டும். தொலைபேசியில் டெர்மினல் தரும் டெர்மக்ஸ் செயலியை வைத்திருக்கிறேன். மூன்று பேருடைய சேர்வர்களை வரம்பில் குந்தியிருந்தே பார்த்துக்கொள்கிறேன். தொடர்பு அறுந்தாலும் வேலை அறாமல் இருக்க டிமக்ஸ் என்ற சிறு கருவியை இடையில் வைத்தால் சரி.

எனக்கு அன்றாடம் தேவைப்படுபவை மூன்றுதான். "லிஸ்ட்:வொர்க்ஃப்ளோ" என்றால் எல்லாவற்றின் இலக்கமும் பெயரும் வரும். "எக்ஸிக்யூட் --ஐடி" என்றால் குறித்த ஒன்று அந்த இடத்திலேயே ஒருமுறை ஓடும். "அப்டேட்:வொர்க்ஃப்ளோ --ஐடி ... --அக்டிவ்=ஃபால்ஸ்" என்றால் அது அணையும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் என்8என் இதை உடனே கவனிக்காது, மறுதொடக்கம் செய்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். நான் இதை அறியாமல் ஒரு முழு இரவு "அணைத்துவிட்டேனே, ஏன் இன்னும் செய்தி போகிறது" என்று தலையைச் சொறிந்திருக்கிறேன். 2 ஆம் பெரும் பதிப்பில் இந்தக் கட்டளையைப் பப்ளிஷ், அன்பப்ளிஷ் என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஆகவே எதைத் தட்டுவதற்கும் முன் "--ஹெல்ப்" கேட்டுப் பாருங்கள். உங்கள் பதிப்பில் என்ன இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும்.


நெல்மூடை (சம்மாந்துறை)

விளங்குகிறது. பழைய கணினியின் தாய்ப்பலகை போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் ஈரம் படாத உயரத்தில் இருந்திருக்கிறது. அதை வெளியிலிருந்து இணைக்கும் கேபிள் இங்கே கிடைக்கவில்லை. மச்சான் தன் கணினியில் பூட்டிப் பார்த்தார், உபுண்டு அப்படியே எழும்பிவிட்டது! ஆனால் வீட்டுக் கோப்புறையில் நீங்கள் சொன்ன ".என்8என்" இல்லை. டவுன்லோட்ஸ் இருக்கிறது, கலியாணப் படங்கள் இருக்கின்றன, அது மட்டும் இல்லை.


உப்புக்காற்று (கல்லடி)

முதலெழுத்து புள்ளி. லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் கோப்புறை முகத்தைக் காட்டாது. கோப்புச் சாளரத்தில் கன்ட்ரோலையும் எச் எழுத்தையும் சேர்த்து அமுக்குங்கள். பென் டிரைவில் நகல் எடுக்கிறவர்களில் பாதிப்பேர் இதில்தான் வழுக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.


வாகரை_வெயில்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு உள்நுழையும் கடவுச்சொல்லே மறந்துவிட்டது. "யூசர்-மனேஜ்மென்ட்:ரீசெட்" என்று ஒரு கட்டளை இருக்கிறதாமே, கொடுக்கலாமா?


தறிக்கட்டை (மருதமுனை)

தனியாளாக இருந்தால் கொடுங்கள். அலுவலகத்தில் நான்கைந்து பேர் கணக்கு வைத்திருந்தால் கையை எடுங்கள், அந்தக் கட்டளை எல்லாப் பயனர் கணக்குகளையும் அழித்து, முதல் நாள் நிலைக்குக் கொண்டுபோய்விடும். உங்கள் கடவுச்சொல்லை மட்டும் மாற்றித் தருகிற கட்டளை என்று நினைத்துத்தான் எல்லோரும் கொடுக்கிறார்கள்.


நெல்மூடை (சம்மாந்துறை)

புள்ளி! கிடைத்துவிட்டது. கொன்ஃபிக் கோப்பில் ஒரே ஒரு வரி. இதற்காகவா இரண்டு நாள் தூக்கம் போனது?

அந்தத் திறப்பை டொக்கரின் அமைப்புகளை எழுதும் கொம்போஸ் கோப்பில், என்8என் எழும்பும்போது வாசிக்கும் சூழல் மாறியாகக் கொடுத்து மறுதொடக்கம் செய்தேன். இப்போது என்8என் எழும்பவே மறுக்கிறது. "திறப்புகள் பொருந்தவில்லை" என்று சொல்லிவிட்டுச் செத்துப் போகிறது. முன்பு திறக்காத பூட்டு மட்டும் இருந்தது. இப்போது வீடே திறக்கவில்லை.


உப்புக்காற்று (கல்லடி)

அது நல்ல அறிகுறி, சிரிக்காதீர்கள். புதிய கணினி தன் கொன்ஃபிக் கோப்பில் தன்னுடைய திறப்பை ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. நீங்கள் சூழல் மாறியில் பழையதைக் கொடுக்கிறீர்கள். இரண்டும் வேறு என்றால் அது ஓட மறுக்கும், மறுக்கத்தான் வேண்டும். கொன்டெய்னரை நிறுத்துங்கள். என்8என் தன் தரவைச் சேமிக்கும் வொல்யூமில் உள்ள புதிய கொன்ஃபிக் கோப்பைத் திறந்து அதிலும் பழைய திறப்பை எழுதுங்கள். பிறகு தொடங்குங்கள். புதிய கணினியில் நீங்கள் புதிதாக எந்தக் கிரெடென்ஷியலும் செய்து வைக்கவில்லை என்று நினைக்கிறேன். செய்திருந்தால் அவை இனித் திறக்கா.

கோப்பை ரூட் (முழு அதிகாரமுள்ள) பயனராக எழுதியிருந்தால் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று இன்னொரு பிழை வரும். கொன்டெய்னருக்குள் என்8என் ஓடுவது "நோட்" என்ற பயனரின் பெயரில், அவருடைய இலக்கம் 1000. கோப்பின் உரிமையை அந்த இலக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.


நெல்மூடை (சம்மாந்துறை)

எழும்பிவிட்டது. கிரெடென்ஷியல்கள் ஐந்தும் திறக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ். காக்கா, கல்லடிப் பக்கம் வந்தால் எருமைத் தயிர் இரண்டு முட்டியோடு வருவேன்.

இனி ஒவ்வொரு இரவும் தானாகக் காப்பு எடுக்க வேண்டும் என்று, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரொன் அட்டவணையில் போட்டேன். கையால் கொடுத்தால் வேலை செய்கிறது, கிரொனில் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. கையால் எடுத்த கோப்பும் எங்கே போனது என்று தெரியவில்லை. "வெற்றிகரமாக 11 பணிப்பாய்வுகள்" என்று மட்டும் சொல்கிறது.


தறிக்கட்டை (மருதமுனை)

இரண்டும் நான் விழுந்து எழும்பிய குழிகள்.

முதலாவது. நீங்கள் ஆவணத்தில் இருந்த "டொக்கர் எக்ஸெக் -யூ நோட் -ஐடி" என்ற வரியை அப்படியே எடுத்திருப்பீர்கள். அதில் உள்ள "டி" ஒரு டெர்மினல் முன்னால் இருக்கிறது என்று எதிர்பார்க்கிறது. நள்ளிரவில் கிரொன் ஓடும்போது டெர்மினலும் இல்லை, மனிதனும் இல்லை. "உள்ளீட்டுச் சாதனம் டிடிவை (டெர்மினல்) அல்ல" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விடும். அந்த முணுமுணுப்பை யாரும் கேட்பதும் இல்லை. "-ஐடி" ஐத் தூக்கிவிடுங்கள் (அடையாள இலக்கத்துக்கான "--ஐடி" வேறு). கிரொன் வரியின் பிழைகள் ஒரு பதிவுக் கோப்புக்குப் போகும்படியும் செய்யுங்கள்.

இரண்டாவது. "--அவுட்புட்" இல் நீங்கள் கொடுக்கும் பாதை கொன்டெய்னருக்குள் உள்ள பாதை. கோப்பு அங்கேதான் இருக்கிறது. கொன்டெய்னரை அழித்துப் புதிதாக எடுக்கும் நாளில், காப்பு எடுத்த கோப்பும் அதோடு சேர்ந்து அழியும். தண்ணீர் வரும் அறைக்குள்ளேயே இன்னொரு மேசையில் நகலை வைப்பது போன்றது அது. வெளியே உள்ள ஒரு கோப்புறையைக் கொன்டெய்னருக்குள் இணைத்து, அங்கே எழுதச் சொல்லுங்கள்.

எக்ஸ்போர்ட்டுக்கு "--பேக்கப்" என்று கொடுத்தால் ஒவ்வொரு பணிப்பாய்வும் தனித்தனிக் கோப்பாக, வாசிக்கக்கூடிய ஒழுங்கில் வரும். அது "--ஆல்", "--பிரிட்டி", "--செப்பரேட்" மூன்றையும் சேர்த்துச் சொல்வதற்குச் சமம்.


படுவான்கரைக்காரன் (கொக்கட்டிச்சோலை)

அந்தத் தனிக் கோப்புகளை, மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட்டுக்குள் போட்டால் இன்னும் வசதி. நேற்று யார் எந்தப் பெட்டியை மாற்றினார்கள் என்று வரி வரியாகத் தெரியும். ஒரே தொல்லை, பெட்டியைத் திரையில் சும்மா நகர்த்தினாலும் அதுவும் மாற்றமாகப் பதிவாகும். நான் கிரெடென்ஷியல்களையும் "--டிக்ரிப்டட்" என்று பூட்டில்லாமல் எடுத்துத் தனிப்பட்ட கிட் களஞ்சியத்தில் போட்டுவிடுகிறேன். திறப்புத் தொல்லையே இல்லை. புதிய கணினியில் இம்போர்ட் செய்தால் அது தன் திறப்பால் பூட்டிக்கொள்ளும்.


தறிக்கட்டை (மருதமுனை)

இதை வாசித்துவிட்டுத் தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன். தம்பி, அது உங்கள் வாடிக்கையாளர்களின் கூகுள் கணக்கு, டெலிகிராம் டோக்கன், எல்லாம் வெறும் எழுத்தில். நாளைக்கு அந்தக் கோப்பை அழித்தாலும் கிட்டின் வரலாற்றில் அது உட்கார்ந்திருக்கும். களஞ்சியம் தனிப்பட்டது என்பது இன்றைய நிலைமை. ஒருவரை உதவிக்குச் சேர்த்த அன்று என்ன செய்வீர்கள்?

"--டிக்ரிப்டட்" தேவைப்படும் இடம் ஒன்றுதான். பழைய கணினி உயிரோடு இருக்கிறது, புதியதற்கு வேறு திறப்பு வேண்டும், இன்றைக்கே மாற்றப் போகிறோம். எடு, மாற்று, உடனே அழி. காப்புக்கு எப்போதும் பூட்டிய எக்ஸ்போர்ட். திறப்பு வேறு இடத்தில். நான் அதைத் தாளில் எழுதி, எங்கள் காணி உறுதி இருக்கும் உறைக்குள் வைத்திருக்கிறேன். வாப்பா கேட்டார், இது என்ன தாயத்தா என்று.

இது என்8என்னுக்கு மட்டும் உள்ள விடயமும் அல்ல. 2013 இல் ஐபிஎம்மில் பிறந்த நோட்-ரெட் இருக்கிறதே, அதிலும் கிரெடென்ஷியல் கோப்பு தனி, அதைத் திறக்கும் இரகசியச் சொல் தனி. ஏயார்பிஎன்பியில் தொடங்கி அப்பாச்சிக்குப் போன ஏர்ஃப்ளோவிலும் ஃபெர்னெட் திறப்பு என்று ஒன்று இருக்கிறது. எந்தக் கருவிக்கு மாறினாலும் முதல் கேள்வி: திறப்பு எங்கே கிடக்கிறது?


படுவான்கரைக்காரன் (கொக்கட்டிச்சோலை)

காக்கா, ஏச்சு சரியான ஏச்சு. டோக்கன்களை எல்லாம் மாற்றப் போகிறேன். மூன்று சேர்வர், இன்றைய இரவு போய்விட்டது.


சும்மா_கேட்கிறேன் (மட்டக்களப்பு நகர்)

பார்த்தீர்களா, உலாவியிலேயே இருந்திருந்தால் இந்த "--டிக்ரிப்டட்" என்ற வார்த்தையே உங்கள் வாழ்க்கையில் வந்திருக்காது.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்த இழையைப் பார்த்த பிறகு என்னுடையதில் பாதுகாப்பைச் சோதிக்கும் "ஓடிட்" கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். எந்தப் பணிப்பாய்விலும் பயன்படாத ஆறு கிரெடென்ஷியல்கள் கிடந்தன. அதில் ஒன்று நான் முன்பு வேலை செய்த இடத்தினுடையது. அழித்துவிட்டேன். இதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்.


நெல்மூடை (சம்மாந்துறை)

கடைசிச் சிக்கல். நேற்று 6 மணி விலைச் செய்தி காலையில் வரவில்லை. மாலை 4.30 க்கு வந்தது. கணினியின் கடிகாரம் சரியாகவே இருக்கிறது.


உப்புக்காற்று (கல்லடி)

உங்கள் ஆலை நியூயோர்க்கில் இருப்பதாக என்8என் நினைக்கிறது. "ஜெனெரிக் டைம்ஸோன்" என்ற மாறியை அமைக்காவிட்டால் அது அமெரிக்க நியூயோர்க் நேரத்தையே எடுத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் அங்கே காலை 6 மணி என்றால் நமக்கு மாலை 4.30. கோடைகாலமாக இருந்தால் 3.30 க்கு வந்திருக்கும். பழைய கணினியில் யாரோ அதை அமைத்துக் கொடுத்திருப்பார்கள். அதுவும் எக்ஸ்போர்ட்டில் வருவதில்லை. கொம்போஸ் கோப்பில் "ஏசியா/கொழும்பு" என்று போடுங்கள், "டிஇசட்" என்ற மாறிக்கும் அதையே கொடுங்கள்.

இனிக் காப்பு எடுக்கும்போது அந்தக் கொம்போஸ் கோப்பையும் சேர்த்தே எடுங்கள். தரவுத்தளக் கோப்பை நகல் எடுப்பதானால் என்8என்னை நிறுத்திவிட்டு எடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது.


நெல்மூடை (சம்மாந்துறை)

எல்லாம் சரி. ஆனால் இன்று காலை நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கே மனம் ஆறாது.

நேரத்தைத் திருத்தினேன். சரியாக 6 மணிக்குச் செய்தி போனது. 6 மணிக்கே இன்னொரு முறையும் போனது. 6.05 க்கு வீரமுனைப் பக்கத்து போடியார் (பெரிய வயற்காரர்) ஒருவர் மாமாவை அழைத்து, "இரண்டு முறை அனுப்பியிருக்கிறாய், இரண்டாவது விலையில் ஏதோ கூட்டியிருப்பாய் என்று கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தேன், ஒன்றும் கூடவில்லையே" என்று கேட்டிருக்கிறார். மாமா என்னைக் கேட்டார். நான் இந்தப் புதிய கணினியை ஒரு மணி நேரம் துருவினேன். பதிவுகளில் ஒரு முறைதான் ஓடியிருக்கிறது.

பிறகுதான் உப்புக்காற்றுக் காக்கா முதலில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. மச்சானை அழைத்தேன். திறப்பு எடுத்த அன்றிலிருந்து அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் அவருடைய கணினியிலேயே இருக்கிறது. இரவில் அணைத்துவிட்டுத்தான் படுப்பாராம். நேற்று இரவு பிள்ளை படம் பார்க்கக் கேட்டதால் போட்டுவிட்டு அப்படியே படுத்துவிட்டார். இயங்குதளம் எழும்பும்போது பழைய என்8என்னும் தானாக எழும்பி, எல்லாப் பணிப்பாய்வுகளும் உயிரோடு, சரியான இலங்கை நேரத்தில், கடமையைச் செய்திருக்கிறது.

இப்போது மச்சானின் கணினிக்கு டெர்மினலில் போய் அதை நிறுத்திவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். திறப்பைத் தாளில் எழுதிவிட்டேன். காணி உறுதி மாமாவிடம் இருப்பதால், தராசுச் சான்றிதழ் இருக்கும் உறைக்குள் போட்டேன்.


சும்மா_கேட்கிறேன் (மட்டக்களப்பு நகர்)

பிள்ளை படத்தை முழுதாகப் பார்த்ததா?